கிளுவை இறங்கும் வயல்: திருகோணமலையில் ஏழு நாள்

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். கோடியக்கரைக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். ஐப்பசி பிறந்தால் வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்கும். ஒரு பகுதி இங்கேயே தங்கிவிடும், மற்றவை நாலு நாள் மேய்ந்து களைப்பாறிவிட்டு ஒரு ராத்திரியில் காணாமல் போய்விடும். எங்கே போகிறது என்று சின்ன வயதில் கேட்டால் அப்பா கடலுக்கு நேரே கையை நீட்டி "சிலோனுக்கு" என்பார். அப்பா பறவை பார்க்கிறவர் இல்லை, கண்ணி வைக்கிறவர். உள்ளான் கறி எங்கள் வீட்டில் சாதாரணமாகக் கொதித்த காலம் அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது, எங்கள் தெருவுக்கு அது வந்து சேர இன்னும் பல வருடம் ஆயிற்று.

அந்தச் சிலோன் பக்கத்தைப் போய்ப் பார்த்துவிடுவது என்று 2024 மார்ச்சில் நாலு பேர் கிளம்பினோம். எங்களில் அதிகம் பறவை தெரிந்த வாத்தியார், மாட்டு டாக்டரான எங்கள் டாக்டர், நீள லென்ஸ் வைத்திருக்கும் டாக்டரின் மச்சான், அப்புறம் நான். திருகோணமலையைத் தேர்ந்தெடுத்தது வாத்தியார்தான். மார்ச்சில் போனால் வலசை வந்தவை இன்னும் திரும்பியிருக்காது, மழைக்காலம் முடிந்து கிழக்குக் கடலும் அடங்கியிருக்கும், திமிங்கிலமும் வரத் தொடங்கியிருக்கும் என்பது அவர் கணக்கு.

மார்ச் 8, வெள்ளி

எங்கள் கரையிலிருந்து காங்கேசன்துறை 60 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபரில் விட்ட கப்பல் அந்தச் சமயம் ஓடவில்லை. அதனால் 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே சென்னைக்குப் போய், அங்கிருந்து பறந்து, மறுபடி தெற்கே யாழ்ப்பாணத்துக்கு வந்தோம். பறவை ஒரு ராத்திரியில் தாண்டுவதை நாங்கள் ஒன்றரை நாளில் தாண்டினோம்.

பலாலி விமான நிலையத்தில் வாத்தியாரின் தொலைநோக்கியைத் திறக்கச் சொன்னார்கள். என்னத்துக்கு இது என்று கேட்டார் அதிகாரி. பறவை பார்க்க என்றோம். "பாக்கவா, சுடவா?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. வாத்தியார் பேசாமல் பையிலிருந்து பறவைப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். அவர் நாலைந்து பக்கம் புரட்டி, செம்போத்துப் படத்தில் நின்று, "இதை நாங்கள் செண்பகம் எண்டு சொல்லுவம், எங்கட வளவுக்க நிக்கும்" என்று சொல்லிப் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்.

வேன் பிடித்து ஆனையிறவு, வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகப் பயணம். வவுனியாவில் மதியச் சாப்பாடு தலைக்கு 450 ரூபாய். இலங்கைக் காசுதான், நம் காசுக்கு 120 சொச்சம். சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பால் விட்ட பருப்பு, பூசணிக்காய், கீரை, கருவாட்டுப் பிரட்டல். தட்டு காலியாக விடாமல் ஒரு பெரியவர் வந்து வந்து போட்டுக்கொண்டே இருந்தார், கேட்கவும் இல்லை. ஹொரவப்பொத்தானை தாண்டி இருட்டும் நேரத்தில் சாலை ஓரம் ஒற்றை யானை. ஓட்டுநர் அண்ணன் நூறு அடிக்கு முன்பே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், பேசவும் விடாமல் இருபது நிமிடம் காத்திருந்தார். அது போன பிறகுதான் வண்டியை எடுத்தார்.

ஊருக்குள் வந்தால் ஒரே கூட்டம். அன்றைக்கு மகா சிவராத்திரி என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும், அது இந்த ஊர்ச் சிவன் கோயிலான கோணேஸ்வரத்துக்கு எவ்வளவு பெரிய நாள் என்பது உறைக்கவில்லை. முன்பணம் கட்டி வைத்திருந்த விடுதியில் எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பணம் திருப்பித் தருகிறோம் என்றார்கள், அறை இல்லை. இன்னும் மூன்று இடம் கேட்டோம், எங்கேயும் இல்லை. இரவு ஒன்பதரைக்கு ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தோம். கடைக்கார அக்கா முதலில் பிளேன்டி கொடுத்தார், இஞ்சி தட்டிப் போட்ட கறுப்புத் தேநீர், 50 ரூபாய். கதையைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு தூரத்தால வந்திருக்கிறியள், சிவராத்திரியில உங்களை ரோட்டில விடேலுமே?" என்று தன் வீட்டு மாடியைத் திறந்து விட்டார். ஒரு நாளைக்கு 4,000 ரூபாய் என்று வாத்தியார்தான் கட்டாயப்படுத்திப் பேசி முடித்தார். ஏழு நாளும் அங்கேதான் இருந்தோம். மாடியில் படுத்தால் விடிய விடியக் கோயிலுக்குப் போகிறவர்களின் பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மார்ச் 9, சனி

காலையில் கோட்டைக்குக் கிளம்பும்போது மச்சான் பறவை பார்க்கவென்றே வாங்கிய, பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக உள்ள சட்டையைப் போட்டிருந்தார். அக்கா படியிலேயே மறித்துவிட்டார். "தம்பி, அதைக் கழட்டிப்போட்டு வாங்கோ. இஞ்ச ஆமிக்காரரைத் தவிர ஆரும் உது போடேலாது." சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிட்டது. இந்தியாவில் கடைக்குக் கடை தொங்குகிற துணி. இங்கே அது யார் மேல் இருந்தது, இவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும். மச்சான் அதைப் பெட்டியின் அடியில் வைத்தவர், திரும்பும் வரை வெளியே எடுக்கவில்லை.

பிரெட்ரிக் கோட்டை, போர்த்துக்கேயர் 1622-இல் பழைய கோணேஸ்வரத்தை இடித்து, அந்தக் கல்லையே கொண்டு கட்டத் தொடங்கியது. உள்ளே ஆலமர நிழலில் புள்ளிமான்கள் மாடுகள் போலப் படுத்திருக்கின்றன. முதலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொம்பு வைத்த ஒரு கிடா என் கை வரைக்கும் வந்து மூக்கை வைத்து மோந்தது, மூக்கு ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அப்புறம் பார்த்தால் முந்தின நாள் கூட்டம் போட்டுவிட்டுப் போன குப்பையில் பத்துப் பதினைந்து மான்கள் நின்று பாலிதீன் பையை மென்றுகொண்டிருந்தன. டாக்டர் ஒரு பெட்டையின் வாயிலிருந்து முழப் பையை மெதுவாக இழுத்து எடுத்தார். வயிற்றில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கும் என்று தெரியாது, மாடு என்றால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், மானுக்கு யார் செய்வார்கள் என்றார். அன்றைக்கு முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து மானுக்கு எதுவும் கொடுக்காதீர்கள், பையைக் கையிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

கோயில் நிற்கும் சுவாமிமலை உச்சியில், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்கு மேலே வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று காற்றில் அசையாமல் நின்றது. கண் மட்டத்துக்குக் கீழே. கடற்கழுகின் முதுகை மேலிருந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

மார்ச் 10, ஞாயிறு

ஐந்தரைக்கே படகு. தலைக்கு 9,000 ரூபாய். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே தொடங்கி ஆழமாகப் போகிறது, அதனால்தான் நடுக்கடலில் பார்க்க வேண்டிய திமிங்கிலத்தை இங்கே கரை தெரியும் தூரத்திலேயே பார்க்க முடிகிறது. முதலில் ஓங்கில் கூட்டம். நம் மீனவர்கள் ஓங்கில் என்பது டால்பின்தான். இவை உடம்பைச் சுற்றிச் சுற்றி எகிறுகிற வகை, நூற்றுக்கு மேல் இருக்கும். ஏழரை மணிக்கு நீராவி போல ஒரு ஊற்று, ஓட்டுக் கூரை உயரத்துக்கு மேல். நீலத்திமிங்கிலம். சாம்பல் நிற முதுகு ஒன்று உருண்டு உருண்டு போய்க்கொண்டே இருந்தது, முடியவே இல்லை, கடைசியில் சின்ன முதுகுத்துடுப்பு தெரிந்து அமிழ்ந்தது.

அது மறுபடி எழுந்தபோது நாலு படகுகள் நாலு பக்கமிருந்து அதை நோக்கிப் பாய்ந்தன, எங்கள் படகும்தான். எனக்குப் பிடிக்கவில்லை. தள்ளி நிறுத்துங்கள், எங்களுக்குப் படம் வேண்டாம் என்றோம். ஓட்டுகிறவர் ஆச்சரியமாகப் பார்த்தார், பிறகு நிறுத்தினார். இஞ்சின் நின்ற அமைதியில் அது மூச்சு விடும் சத்தம் கேட்டது, பெரிய துருத்தி போல. டாக்டருக்கும் எனக்கும் வாந்தி. இங்கே பாண் என்கிற ரொட்டியும் பருப்பும் மட்டும் வயிற்றில் போயிருந்தால் பரவாயில்லை, முந்தின இரவு கொத்துரொட்டி சாப்பிட்டது தப்பு.

மார்ச் 11, திங்கள்

நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் கடலில் புறாத்தீவு. 1963-இல் சரணாலயம், 2003-இல் தேசியப் பூங்கா. எல்லோரும் பவளப்பாறைக்கும் சுறாக்குட்டிக்கும் வருகிறார்கள், நாங்கள் பெயருக்குக் காரணமான புறாவுக்காகப் போனோம். கோயில் கோபுரத்தில் குமுறுகிற அதே மாடப்புறா, ஆனால் யாரும் வளர்க்காத, கலப்பில்லாத காட்டுப் புறா. பாறை இடுக்கில் கூடு. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை இந்தத் தீவைக் குறி வைத்துச் சுடும் பயிற்சிக்கு வைத்திருந்ததாம். எழுந்து போகாமல் இன்னும் இங்கேயே இருக்கிற புறாக்களைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பாறையில் உட்கார்ந்திருந்தோம், முழங்கை தோல் உரிந்துவிட்டது. பவளத்தின் மேலேயே ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களும் இருந்தார்கள்.

சாயங்காலம் திரும்பினால் வீட்டு வாசல்களில் நிறைகுடமும் விளக்கும். சிவராத்திரி முடிந்து கோணேசர் ஊர்வலம் வருகிறார். இரவு அக்கா வீட்டில் பிட்டும் கணவாய்க் கறியும். கணவாய் இவ்வளவு மெதுவாக வெந்து நான் சாப்பிட்டதில்லை.

மூன்று நாள் ஆகியும் வலசைப் பறவை பெரிதாக ஒன்றும் பார்க்கவில்லையே என்று வாத்தியார் சொன்னதை அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நீங்கள் சித்தப்பாவிட்ட எல்லோ போகோணும்" என்றார்.

மார்ச் 12, செவ்வாய்

தம்பலகாமம் திருகோணமலையிலிருந்து முக்கால் மணி நேரம். பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள், வண்டிகள் எல்லாம் மற்றப் பாதியில் முறை வைத்துப் போயின, யாரும் யாரையும் திட்டவில்லை.

அக்காவின் சித்தப்பாவுக்கு 78 வயது. சாரத்தை மடித்துக் கட்டி, வெறும் காலோடு வரப்பில் நின்றார். நீங்கள் பறவை பார்க்கிறவராமே ஐயா என்றார் வாத்தியார். "நான் பாக்கிறதில்ல தம்பி. நான் சுட்டவன்."

அவருடைய அப்பாவிடம் உரிமம் உள்ள துவக்கு இருந்ததாம். இங்கே துப்பாக்கியைத் துவக்கு என்பார்கள். அறுபதுகளில் கிளுவை, சிறகி என்கிற வாத்துகள், உள்ளான் எல்லாம் சுட்டு, சோடி கணக்கில் கட்டிப் பட்டணத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் இறங்கும், எது முதலில் தலை தூக்கும், எது எழுந்தால் மற்றதெல்லாம் எழும், எது எழுந்தாலும் மற்றது அசையாது என்று அவர் சொல்லச் சொல்ல வாத்தியார் குறிப்பேட்டை எடுத்துவிட்டார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விவரம். கிளுவையும் ஊசிவாலும் பின்பனியில் நெய் வைக்கும் என்றார். வலசை திரும்புவதற்கு முன் பறவைகள் உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும் என்று நாம் படிப்பதை அவர் ருசியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

வயல் முடிந்து குடாப் பக்கம் சேறும் புல்லுமாக விரிகிற இடத்தில் எங்களை உட்கார வைத்தார். கை இரண்டையும் குவித்து வாயில் வைத்து, மெலிதாக, இரண்டு இரண்டாக ஒரு சீழ்க்கை. சீ-சிக், சீ-சிக். ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. கண்டல் மரங்களுக்குப் பின்னால் எங்கோ பதில் வந்தது. அலையாத்தியைத்தான் கண்டல் என்கிறார்கள். அப்புறம் சிறகிகள் முப்பது நாற்பது, கழுத்தை முன்னால் தாழ்த்தி எங்கள் தலைக்கு மேலேயே ஒரு வட்டம் போட்டுத் தண்ணீரில் இறங்கின. மச்சான் கேமராவைத் தூக்கவே மறந்துவிட்டார். அவற்றோடு நீலச்சிறகி என்று நாங்கள் சொல்லும் கிளுவை நூற்றுக்கும் மேல், ஊசிவால் வாத்து ஒரு இருபது, தள்ளி சங்குவளை நாரை, கூழைக்கடா. சேற்றில் கருவால் மூக்கன்கள் தையல் மிஷின் ஊசி போல மூக்கை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தன. கோடியக்கரையில் பார்க்கிற அதே பறவைகள். அவற்றை இங்கே பார்த்தபோது, வெளிநாட்டில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு முதல் தடவையாகப் போனது போல இருந்தது.

ஏன் சுடுவதை விட்டீர்கள் என்று நான்தான் கேட்டேன். எண்பதுகளில் துவக்கை ஒப்படைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்களாம். "பிறகு வெடிச்சத்தம் கேட்டா கிளுவைக்கு முதல் நாங்கள் எழும்பி ஓடுற காலம் வந்திட்டுது" என்றார். ஊரை விட்டுப் போய், முகாமில் இருந்து, வருடங்கள் கழித்துத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வயல் காடாகக் கிடந்தது. "மாசி மாசம் ஒரு நாள் விடியக்காலம் இவடத்த வந்து நிண்டன். ஒரு மனிசர் இல்ல. கிளுவை மட்டும் முந்தின மாதிரியே வந்து இறங்குது. அதுக்குப் பிறகு எனக்குக் கை வரேல்ல தம்பி." சொல்லிவிட்டு அவர் வரப்பில் முன்னே நடந்தார், நாங்கள் பேசாமல் பின்னால் போனோம்.

ஒரு வாய்க்கால் மடையில் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இஞ்ச கண்ணி இருக்கும்" என்றார். எங்களுக்குப் புல்தான் தெரிந்தது. இரண்டு இடத்தில் புல் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது, கண்ணி வைக்கிறவன் குந்தி இருந்த இடம் அது என்றார். இறங்கிப் பார்த்தால் இருந்தது. தூண்டில் நரம்பில் முடிந்த பதினாலு சுருக்கு, ஒரே கயிற்றில் வரிசையாக, சேற்றில் குச்சி அடித்து. என் அப்பா குதிரை வால் மயிரில் முடிவார், இது நரம்பு. அவ்வளவுதான் வித்தியாசம், முடிச்சு அதே முடிச்சு. எட்டாவது சுருக்கில் ஒரு கருவால் மூக்கன் காலோடு மாட்டி, இறக்கை சேற்றில் அப்பிப் படுத்துக் கிடந்தது.

வாத்தியார் துண்டை அதன் தலை மேல் போட்டார், இருட்டாகிவிட்டால் பயம் குறையும். டாக்டர் எடுத்து என் கையில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். பெரிய கொய்யாப்பழக் கனம் கூட இல்லை. உள்ளங்கையில் அதன் நெஞ்சு, அடிக்கிற அடி தனித்தனியாக எண்ண முடியாத வேகத்தில், ஒரு நடுக்கமாகவே தெரிந்தது. நரம்பு தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. கத்தரி இல்லை, டாக்டர் நகவெட்டியால் ஒவ்வொரு இழையாக வெட்டினார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு. தண்ணீரில் கழுவி, எலும்பு உடையவில்லை என்று விரலால் நீவிப் பார்த்துச் சொன்னார். சேற்றில் வைத்தோம். விழுந்தது. எழுந்து ஒற்றைக் காலில் நின்றது. பத்து எண்ணியிருப்பேன், இறக்கையில் இருந்த வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிய எழும்பிக் குடாப் பக்கம் போனது. அப்பா பிடித்த பறவைகளை நான் எத்தனையோ தடவை கையில் வாங்கியிருக்கிறேன். ஒன்றைத் திருப்பி விட்டது இதுதான் முதல்.

ஐயா கண்ணியைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போலீசில் சொல்ல வேண்டாமா என்றார் மச்சான். "ஆரெண்டு தெரியும். பின்னேரம் போய்க் கதைக்கிறன்" என்றார்.

அவர் வீட்டில் சட்டித் தயிர் தந்தார்கள். எருமைத் தயிர், மண்சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. மேலே கித்துள் பாணி, கித்துள் என்கிற பனையின் பாகு. நாலு பேரும் ஒரு சட்டி முழுக்கச் சாப்பிட்டோம். கடையில் இந்தச் சட்டி அப்போது 500 ரூபாய்க்கு மேல் விற்றது, ஆச்சி காசு வாங்க மறுத்துவிட்டார். இரவில் இந்தப் பக்கம் ஆனைக்குக் காவல், நெல் வீடு வந்து சேரும் வரை நித்திரை இல்லை, ஆனைவெடி போட்டு விரட்டுகிறோம் என்று அவர் கொட்டாவியோடு சொன்னபோதுதான், எங்களோடு காலையிலிருந்து வெயிலில் நடந்த ஐயா முந்தின இரவு தூங்கவே இல்லை என்பது தெரிந்தது.

மார்ச் 13, புதன்

கிண்ணியாவில் ஐயாவுக்குத் தெரிந்த மீனவர் ஒருவரின் வள்ளம். எல்லோரும் அவரை நானா என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அரை நாளுக்கு 6,000 ரூபாய். 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009-இல் வந்தது, அதற்கு முன் இந்தப் பக்கம் எல்லாம் படகில்தான். பாலத்துக்கு அடியில் புகுந்து தம்பலகாமக் குடாவுக்குள் போனோம். வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. பத்து மணிக்கு மேல் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளை.

நோன்பு தொடங்கி இரண்டாம் நாள். நானா துளித் தண்ணீர் இல்லாமல் துடுப்புப் போடுகிறார், நாங்கள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தோம். அவர் பார்த்துவிட்டு, "குடிங்க தம்பி, உங்களுக்கு நோன்பு இல்லைதானே. நீங்க மயங்கி விழுந்தா ஆர் தூக்குறது" என்றார். பறவை அதிகம் இருக்கும் இடத்துக்குக் கிட்டே போகாமல் தள்ளியே நிறுத்தி, துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆலாக்கள் மூழ்கி மூழ்கி மீன் எடுத்தன, செம்பருந்துகள் அவற்றிடமிருந்து பறிக்கப் பார்த்தன. ஆற்று வாய்ப்பக்கம் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குப் பத்தடி தள்ளி நெடுங்கால் உள்ளான்கள் பயமில்லாமல் மேய்ந்தன. எங்கள் வள்ளத்தைக் கண்டு எழும்பிய கூட்டம் அந்தப் பெண்களைக் கண்டு எழும்பவில்லை.

கரைக்கு வந்தால் சாப்பாட்டுக் கடை ஒன்றும் திறக்கவில்லை. நோன்பு நாளில் அது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது. பிஸ்கட்டோடு ஒரு மர நிழலில் படுத்துக் கிடந்தோம். மாலை ஆறு மணிக்கு நானாவின் மகன் சைக்கிளில் வந்து கூட்டிப் போனான். வாசலில் பாய். ஆறே கால் தாண்டி பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், அப்புறம் பெரிய கோப்பையில் நோன்புக் கஞ்சி, தேங்காய்ப்பாலும் பூண்டும் கோழியும் போட்டு. கூடவே சமோசா. பகல் முழுக்கத் துடுப்புப் போட்டவர் முதல் கோப்பையை வாத்தியாரிடம் நீட்டினார். "இரிங்க, இன்னொரு கோப்பை குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

மார்ச் 14, வியாழன்

கடைசி நாள். காலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாயின் கிரியைக்காக இராவணன் வெட்டியது என்று கதை. நாங்கள் குளிக்காமல் பக்கத்துப் புதரில் காட்டுக்கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத கோழி இது, சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் தீட்டி விட்டது போல இருக்கும்.

சாயங்காலம் ஐயா வரச் சொல்லியிருந்தார். ஐந்தரைக்கு அவர் வளவில் மாமரத்துக்குக் கீழே பாய் விரித்திருந்தார்கள். அவரோடு பதினாலு பதினைந்து வயதுப் பையன் ஒருவன், தலையைக் குனிந்துகொண்டு. "கதைச்சிட்டன்" என்றார் ஐயா. அவ்வளவுதான் சொன்னார். நாங்களும் மேலே கேட்கவில்லை. "இவனுக்கு உங்கட கண்ணாடியால ஒருக்காக் காட்டுங்கோ."

நான் என் பைனாகுலரைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டேன். எப்படிக் கண்ணுக்குச் சரி செய்வது என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தார், பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிற அதே பொறுமையோடு. சரியாக ஆறு அடிக்கும் நேரம், எலுமிச்சை மரத்தடி இருட்டிலிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை. ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரம் வரைக்கும் முட்டையிடுகிற பறவை, குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கி வரும். புரட்டாசி ஐப்பசியில் எங்கள் ஊரில் களைத்துப் போய் வீட்டுக்குள்ளேயே விழும், டாக்டர் இரண்டு தடவை அட்டைப் பெட்டியில் வைத்திருந்து மறுநாள் விட்டிருக்கிறார். இன்னும் ஒரு மாதத்தில் இதுவும் வடக்கே கிளம்பிவிடும்.

காய்ந்த மா இலைகளைப் புரட்டிப் புரட்டித் தத்தி வந்தது. பச்சை முதுகு, கண்ணை மூடிய கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. ஒரு மண்புழுவை இழுத்து எடுத்து அலகில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றது. பையன் மூச்சு விடாமல் பார்த்தான். ரொம்ப நேரம் கழித்து, கண்ணாடியை எடுக்காமலே, "இதுக்கு வாலைக் காணேல்ல" என்றான்.

உண்மைதான், வால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் கட்டை. இந்த உடம்போடு எங்கள் ஊர் வழியாகக் கடல் தாண்டி வருகிறது என்று டாக்டர் அவனுக்குச் சொன்னார். அவன் நம்பினானா தெரியவில்லை. பக்கத்து வளவிலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது, இது தலையைத் தூக்கி மறுபடி கூப்பிட்டது. இருட்டு விழுந்து எங்களுக்கு ஒன்றுமே தெரியாத பிறகும் பையன் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. ஆச்சி உள்ளேயிருந்து பிட்டு ஆறுது என்று இரண்டு தடவை கூப்பிட்டார்.